ஆய்வு நிலையத்துக்கு மிகக் குறுகிய வழி

மார்ச் 12, செவ்வாய். உப்சாலா.

துறைக் கூட்டம் இரண்டு மணி நேரம் நடந்தது. எட்டப்பட்ட ஒரே முடிவு, அடுத்த கூட்டத்தின் தேதி. ஆற்று நீர் மாதிரி எடுக்கும் குப்பிகளில் மாணவர்கள் தேதி எழுதுவதில்லை என்று மூன்றாவது ஆண்டாக முறையிட்டேன். குறித்துக்கொண்டார்கள். சென்ற ஆண்டும் குறித்துக்கொண்டார்கள்.

கூட்டத்தின் நடுவே மேசைக்கு அடியில் பழைய வண்டிகள் விற்கும் தளம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே மட்டும் ஒப்புக்கொள்கிறேன். மஞ்சள் வால்வோ வேகன், 1995, டர்போ. "ஓடாது. கொட்டகையில் நின்றது. வந்து எடுத்துக்கொள்ளவும்." மூன்றாவது படத்தில் எண்பலகை தெரிந்தது. இந்த நாட்டில் எண்பலகை உரிமையாளரோடு போவதில்லை. வண்டியோடு பிறந்து வண்டியோடு சாகிறது. அந்த மூன்று எழுத்தும் மூன்று எண்ணும் ஏழு ஆண்டுகள் என் பெயரில் இருந்தவை.

என் வண்டி. ஹோக்கன் கொன்ற வண்டி.

2005 செப்டம்பரில் என் தம்பி ஹோக்கன் எஸ்டர்சுந்துக்கு வீடு மாறினான். புத்தக அலமாரிகளை ஏற்றிச் செல்ல வேகனைக் கேட்டான், கொடுத்தேன். வழியில் யூஸ்டால் என்ற ஊருக்கு வடக்கே ஓர் ஏற்றத்தில் என்ஜின் இறுகி நின்றுவிட்டது. தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில்தான் போனதாகச் சொன்னான். ஆயில் எச்சரிக்கை விளக்கு எரிந்த உடனே நிறுத்திவிட்டதாகவும் சொன்னான். அந்தக் கோடையில்தான் அந்த என்ஜினை அடி முதல் முடி வரை நானே பிரித்து, டர்போவின் அழுத்தத்தைக் கூட்டி, நானே பூட்டியிருந்தேன். நான் பூட்டிய என்ஜின் தொண்ணூறில் இறுகாது. அவன் பந்தயம் விட்டிருக்க வேண்டும். பொய்யன் என்று அவனைச் சொன்னேன். பேருந்து ஓட்டுநர் வேலையில் அவன் சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அவன் மனைவி மாரித் பக்கத்தில் நின்றிருந்தாள்.

அதோடு பேச்சு நின்றது. அம்மாவை அடக்கம் செய்த நாளில்கூட தேவாலயத்தில் அவன் இடப்பக்கம், நான் வலப்பக்கம்.

வண்டியை வாங்கப் போகிறேன். என்ஜினைத் திறந்து, உள்ளே நடந்ததைப் படம்பிடித்து, அவனுக்கு அனுப்பி, இந்த வழக்கை முடிக்கப் போகிறேன். பிறகு வண்டியை, 2005-ல் எப்படி இருக்க வேண்டும் என்று நினைத்தேனோ அப்படி ஆக்குவேன்.

உல்ரிகாவிடம் சொன்னேன். அவள் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"யாருக்கு நிரூபிக்கப் போறே?"

"உண்மைக்கு."

"அது உங்கிட்ட கேட்டுச்சா?"

முப்பது ஆண்டு மணவாழ்க்கை.

மார்ச் 16, சனி.

யூஸ்டால் போய் வந்தேன். விற்பவர் ஹில்டிங், எண்பத்திரண்டு வயது விவசாயி. அன்று நின்றுபோன வண்டியை டிராக்டரில் கட்டி இழுத்தவர் அவர்தான். அதே வாரம் என்னிடமிருந்து வாங்கியவரும் அவர்தான். இப்போது பண்ணையை விட்டு ஊருக்குள் குடிபோகிறார் என்பதால் மகள் விளம்பரம் கொடுத்திருக்கிறாள். இடைப்பட்ட காலத்தில் எத்தனையோ பேர் கேட்டும் அவர் கொடுக்கவில்லையாம். அந்தப் பக்கத்தில் கொட்டகையில் துருப்பிடிக்கும் எந்த வண்டியும் விற்பனைக்கு அல்ல. உரிமையாளர் அதை அடுத்த கோடையில் சரிசெய்யப் போகிறார். எல்லா ஆண்டும் அடுத்த கோடையில்.

அதுவரை அதில் கோழி வளர்த்திருக்கிறார்.

"பின்சீட்ட மடக்கிட்டா பன்னெண்டு கோழி தாராளமா உக்காரும்," என்றார். "நல்ல வண்டி. குறையே சொல்ல மாட்டேன்."

 தோல் இருக்கைகள் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காப்பி ஊற்றும்போது அவராகவே அந்த நாளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். "உன் தம்பி ரோட்டோரமா அலமாரி மேல உக்காந்திருந்தான். வண்டி மேல பாரம் இருக்கக் கூடாதுன்னு அத்தனையும் எறக்கி வெச்சிருந்தான், பாவம். நான் மூடியத் தொறந்து கைய வெச்சுப் பாத்தேன். வெரட்டின என்ஜின்னா கை வெந்து போயிருக்கும். அப்பிடியெல்லாம் இல்ல."

ஒரு விவசாயியின் உள்ளங்கை வெப்பமானி அல்ல என்று சொல்ல நினைத்தேன். காப்பி அவருடையது என்பதால் சொல்லவில்லை.

வாடகை ட்ரெய்லரில் வண்டியை ஏற்றும்போது ஒரு யோசனையும் சொன்னார். ஓடத் தொடங்கியதும் வண்டியின் தகுதி ஆய்வுக்கு வடகோடியிலுள்ள கிருணாவில் நேரம் பதிந்துகொள்ள வேண்டுமாம். "நாடு முழுக்க ஓட்டிட்டுப் போலாம். எந்தப் போலீசும் ஒண்ணும் கேக்க முடியாது." ஆய்வில் தேறாத வண்டியைச் சாலையில் ஓட்டக் கூடாது, முன்பதிவு செய்த ஆய்வு நிலையத்துக்கு மிகக் குறுகிய வழியில் செல்ல மட்டும் அனுமதி. எந்த ஊர் நிலையம் என்று சட்டம் சொல்லவில்லை. குடிமக்கள் நேர்மையானவர்கள் என்று நம்பி ஒருவர் எழுதிய வரி அது. வார இறுதி உலா போக அதைப் பயன்படுத்துகிறவர்களைப் பற்றி எனக்கு ஒரே ஒரு கருத்துதான் உண்டு. அதை இந்த நோட்டில்கூட எழுத மாட்டேன்.

மார்ச் 17, ஞாயிறு.

வண்டிக்குள்ளிருந்து நான்கு வாளி வைக்கோலும் ஓர் எலிக் குடும்பமும் ஒரு முட்டையும் வெளியே வந்தன. முட்டைக்கு என்ன வயது என்று உல்ரிகா கேட்டாள். 

ஏப்ரல் 2, செவ்வாய்.

என் கராஜின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மழையில் நனையாதபடி பிளாஸ்டிக் உறையிட்டிருந்தார்கள். "இது பட்டறை அல்ல! நம் பொதுக் கராஜ் வரிசையில் சக்கரம் மாற்ற மட்டுமே அனுமதி, விதி 14. அன்புடன், ஓர் அண்டை வீட்டார்." அருகே சிரிக்கும் முகம் ஒன்று வரைந்திருந்தது.

இந்த வரிசையில் இருபத்திரண்டு வீடுகள். பிளாஸ்டிக் உறையிடும் கருவி இருப்பது குடியிருப்போர் சங்கத் தலைவி கூன்வோரிடம் மட்டும். கையெழுத்தில்லாத கடிதத்துக்கு இவ்வளவு செலவழிக்கும் ஒரு பெண்மணியின் மனநிலையை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

விதி 14-ஐ எடுத்துப் படித்தேன். அவள் சொல்வது சரிதான். அதனால் எரிச்சல் இரட்டிப்பானது.

ஏப்ரல் 21, ஞாயிறு.

சங்கத்தின் வசந்தத் துப்புரவு நாள். எல்லாரும் இலை வாரினோம். பிறகு சாசேஜ் சுட்டுத் தின்றபடி, ஒருவரோடு ஒருவர் பேச எதுவும் இல்லை என்பதை ஆண்டுக்கொருமுறை உறுதிசெய்துகொண்டோம். கூன்வோர் கடுகு சாஸ் பாட்டிலோடு என்னிடம் வந்தாள்.

"ஸ்தாஃபன், அந்தத் தாள ஒட்டினது நான்தான்."

"தெரியும்."

"எனக்கு வண்டி மேல கோவம் இல்ல. வண்டியப் பாத்து நீ பேசற பேச்சு இருக்கே, அது என் சமையலறை வரைக்கும் கேக்குது. நேத்து என் பேத்தி 'துருப்பிடிச்ச துரோகி'ன்னா என்னன்னு கேட்டா."

அது ஒரு பக்கவாட்டு போல்ட்டைக் குறித்துச் சொன்னது.  நாளை முதல் ஊருக்கு வெளியே, வண்டி தூக்கும் மேடையை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கூடம் ஒன்றுக்கு வண்டியை மாற்றுகிறேன். அதை நடத்துபவர் பெக்கா, ஃபின்லாந்துக்காரர். தொலைபேசியில் மூன்று சொற்கள் பேசினார். மூன்றும் தேவையானவை. ஆறுதலாக இருந்தது.

மே 14, செவ்வாய்.

அஞ்சலில் ஓர் அழைப்பு. தடித்த அட்டையில் பேருந்துப் படம். ஹோக்கனுக்கு ஐம்பது வயதாகிறது. செப்டம்பர் 21, சனி, எஸ்டர்சுந்தில் அவர்கள் வீட்டில். "உல்ரிகா, ஸ்தாஃபன்" என்று இரண்டு பெயர்கள், மாரித்தின் கையெழுத்தில். உல்ரிகா கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் அவர்களோடு தொலைபேசியில் பேசுவாள். நான் அப்போது பனி அள்ளப் போய்விடுவேன்.

"போறோமா?" என்றாள்.

அவன் உண்மையை ஒப்புக்கொண்டால் போகலாம் என்றேன்.

"ஐம்பதாவது பிறந்தநாள் ஒருதடவதான் வரும்."

உண்மையும் அப்படித்தான் என்றேன். சொல்லும்போது நன்றாக இருந்தது. எழுதும்போது அபத்தமாக இருக்கிறது.

ஜூன் 1, சனி.

மாற்று என்ஜின் கிடைத்தது. காட்டுமான் மோதி முகம் நசுங்கிய ஒரு வேகனிலிருந்து, பழுதில்லாமல். பழைய என்ஜின் இனி சான்றுப் பொருள் மட்டும். அதை ஆகஸ்டில், விடுமுறையில், நிதானமாகத் திறப்பேன். அதற்குள் மற்ற வேலைகள்: பெரிய முன் பிரேக்குகள், எஃகு வலை பின்னிய பிரேக் குழாய்கள், குட்டையும் கெட்டியுமான ஸ்பிரிங்குகள், மூன்று அங்குல சைலன்சர் குழாய், பின்வந்த மாடலின் டர்போ.

ஸ்பிரிங் விற்றவன் இரண்டு முறையும் பின்பக்கத்துக்கு உரியதையே அனுப்பினான். இரண்டாவது முறை பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் "முன்பக்கம்" என்று எழுதியிருந்தான். பெட்டியைத் திருத்தினால் உள்ளே இருப்பதும் திருந்திவிடும் என்ற தத்துவம். பல்கலைக்கழக நிர்வாகத்தில் அவனுக்கு நல்ல எதிர்காலம் உண்டு.

ஜூலை 9, செவ்வாய்.

கோடை விடுமுறைக்கு நாடே மூடியிருக்கிறது. பிரேக் டிஸ்க் விற்பவர் ஆகஸ்ட் 5 வரை தன் தீவில் இருக்கிறார். ஆயில் சீல் விற்பவரும் ஒரு தீவில் இருக்கிறார். எல்லாருக்கும் எப்படித் தீவு கிடைக்கிறது?

ஆகஸ்ட் 10, சனி.

காலை ஒன்பது மணிக்குப் பழைய என்ஜினைத் தாங்கியில் மாட்டித் தலைகீழாகத் திருப்பினேன். கேமராவை முக்காலியில் நிறுத்தினேன். என்ன காணப்போகிறேன் என்று முன்கூட்டியே தாளில் எழுதியும் வைத்திருந்தேன்: அளவு மீறிச் சுழன்றதால் வளைந்த வால்வுகள். அவை வளையவில்லை.

என்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியை, சம்ப்பை, கழற்றினேன். ஆயிலைத் தொட்டியிலிருந்து மேலே உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு சல்லடை உண்டு, உள்ளங்கை அளவு. அந்தச் சல்லடை தெரியவில்லை. அதன் மேல் புழுக்கள் போல ஏதோ சுருண்டு, கெட்டியாகி, கண்ணுக்குக் கண் அடைத்திருந்தது. சம்ப்பின் விளிம்பில் பூசிய பசை. பூட்டி இறுக்கும்போது உள்பக்கமாகப் பிதுங்கிய பசை, நாளாவட்டத்தில் துண்டு துண்டாக உதிர்ந்து, ஆயிலில் மிதந்து, சல்லடையில் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆயில் மேலே ஏறவில்லை. பேரிங்குகள் உலர்ந்து உருகியிருக்கின்றன. ஐந்தும்.

வேகத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தொண்ணூறிலும் நிகழும். ஐம்பதிலும் நிகழும்.

பெக்கா துணியில் கையைத் துடைத்தபடி வந்து பார்த்தார். நான்கு மாதத்தில் அவர் பேசிய மிக நீண்ட பேச்சு இது:

"எந்தப் புண்ணியவான்டா இது, என்ஜினுக்குக் கேக் கிரீம் வெச்சவன்? இங்க தாள் கனத்துக்குப் பூசணும், அதுக்குன்னு இருக்கிற பசைய. இவன் விரல் கனத்துக்கு அப்பியிருக்கான்." விரலால் சுரண்டிப் பார்த்தார். "மெக்கானிக் இல்ல. மெக்கானிக்குக் கொஞ்சமாவது பயம் இருக்கும். இவன் நெறைய படிச்சவன்."

நான் கேமராவை அணைத்தேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு.

பசையின் நிறம் நீலம். என்ஜினுக்கென்று இங்கே கடைகளில் விற்பது கறுப்பு, சாம்பல், சிவப்பு. நீலம் இல்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்.

துறையின் நிலவறைக் கிடங்குக்குப் போனேன். ஓடைகளில் நீர்மட்டம் அளக்கும் பெட்டிகளின் விளிம்பை அடைக்க நாங்கள் பயன்படுத்தும் சிலிகான், இன்னமும் அதே அலமாரியில், அதே இரண்டாம் தட்டில். வெளிர்நீலம். தண்ணீருக்கு அருமையானது. சூடான ஆயிலுக்கு எதிரில் நிற்காது.

வீட்டுக்கு வந்து பழைய பழுதுபார்ப்புக் கையேட்டை எடுத்தேன். சம்ப் பூட்டும் பக்கம். "உரிய பசையை உருளையால் மெல்லிய படலமாக மட்டும் தடவவும்." ஓரத்தில் பென்சிலில், சிறிய, நேரான எழுத்தில்:

"மிகக் குறைவு. தாராளமாக. 24/6/2005."

என் கையெழுத்து. நான் எதற்கும் தேதி போடுபவன்.

என்னடா செஞ்சு வெச்சிருக்கே. என்னடா செஞ்சு வெச்சிருக்கே நீ.

மாதிரியை ஆராயாமல் முடிவை எழுதாதே என்று முப்பது ஆண்டுகளாக முதலாண்டு மாணவர்களுக்குச் சொல்லி வருகிறேன். 2005-ல் நான் முடிவை முதலில் எழுதினேன். மாதிரியை ஒரே வாரத்தில் ஒரு கோழிப்பண்ணைக்காரருக்கு விற்றேன். அவன் சொன்னது அத்தனையும் உண்மை: வேகம், விளக்கு, நிறுத்தியது. பாரம் இருக்கக் கூடாதென்று அலமாரிகளை இறக்கிவைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்திருக்கிறான். என் வண்டிக்காக.

மாலை பெக்காவின் கூடத்துக்குப் போய், அந்தப் படித்தவன் நான்தான் என்று சொன்னேன்.

"தெரியும்," என்றார். "பாத்த ஒடனே கேமராவ அணச்சிட்டியே."

ஆகஸ்ட் 18, ஞாயிறு.

ஹோக்கனுக்குக் கடிதம் எழுதினேன். நான்கு பக்கம். உல்ரிகாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள். தேர்வுத்தாள் திருத்துகிறவளைப் போல ஒரு பென்சிலும் வைத்திருந்தாள்.

"பசையோட வேதியியல் ஒன்றரைப் பக்கம் இருக்கு. கையேட்டுல எச்சரிக்கை போதுமான பெரிய எழுத்துல இல்லேன்னு ஒரு பத்தி. அடிக்குறிப்பு ஆறு. 'தப்பு என்னுது'ன்னு ஒரு வரி எங்க இருக்கு?"

மூன்றாம் பக்கத்தில் மறைமுகமாக இருக்கிறது என்றேன்.

பென்சிலை மேசைமேல் வைத்துவிட்டு நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே போனாள்.

இரண்டாவது கடிதம் ஒன்றரைப் பக்கம். மூன்றாவது, நான்கு வரி. அந்த நான்கு வரிகளையும் நாற்பது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பது ஆண்டைத் தபால்தலை ஒட்டி அனுப்புவது கோழைத்தனம் என்று பட்டது. அனுப்பாமல் இருப்பதும் கோழைத்தனந்தான். மூன்றையும் கிழித்தேன்.

ஆகஸ்ட் 31, சனி.

மாற்று என்ஜினின் சம்ப்பைப் பூட்டினேன். பெக்கா ஒரு சின்ன உருளையைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார்.

"மெல்லிசா."

தடவினேன்.

"இதுல பாதி."

துடைத்துவிட்டுத் தடவினேன்.

"இதுலயும் பாதி."

எனக்கு ஐம்பத்தேழு வயது. ஆறுகளைப் பற்றி இரண்டு நூல்கள் எழுதியிருக்கிறேன். மூன்று முறை துடைத்துத் தடவினேன்.

மாலை நான்கேகாலுக்கு என்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்தது. அந்த ஐந்து சிலிண்டர் குரல், நாய் உறுமுவதற்கும் செல்லோ வாத்தியத்துக்கும் இடைப்பட்டது. பெக்கா தலையை ஒருமுறை அசைத்தார். எஃகுப் பிரேக் குழாய்களை நாளை நானே பொருத்துகிறேன். அதற்கும் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டிய அவசியம் இல்லை.

செப்டம்பர் 9, திங்கள்.

வண்டியை மீண்டும் சாலைக்குக் கொண்டுவர ஆய்வு தேவை. உப்சாலா நிலையம் வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர். இந்த வாரம் எல்லா நாளும் நேரம் காலியாக இருக்கிறது.

செப்டம்பர் 20, வெள்ளி, பிற்பகல் 3:20-க்கு நேரம் பதிந்தேன். எஸ்டர்சுந்தில். நானூற்று எண்பது கிலோமீட்டர்.

மார்ச் 16-ஆம் தேதிக் குறிப்பை எடுத்துப் படித்தேன். திருத்தவில்லை.

உல்ரிகா ரயிலில் வருகிறாள். நான் எதையோ நிரூபிக்கப் போகும் வண்டியில் ஒருமுறை உட்கார்ந்தது போதுமாம். விருந்துக்கு இரண்டு பேரும் வருவதாக மே மாதமே பதில் எழுதிவிட்டதாகவும் இன்றுதான் சொன்னாள்.

செப்டம்பர் 20, வெள்ளி. எஸ்டர்சுந்த்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இல்லையென்றால் நாளை எனக்குச் சாதகமாக மாற்றி எழுதிவிடுவேன்.

காலை எட்டுக்குக் கிளம்பினேன். மிகக் குறுகிய வழி, ஒரு கிலோமீட்டர்கூட விலகவில்லை. கூடுதல் வேகம் அனுமதித்த இடத்திலும் தொண்ணூறைத் தாண்டவில்லை. யூஸ்டாலுக்கு வடக்கே அந்த ஏற்றம் வந்தது. சாலையோரத்தில் ஒன்றுமில்லை, வேலி, ஈரப் புல். இதில் எங்கே அலமாரிகளை இறக்கிவைத்திருப்பான் என்று பார்த்தேன். நிறுத்தவில்லை. ஆய்வுக்குப் போகிறவன் வழியில் நிற்கக் கூடாது.

ஆய்வாளர் ஓர் இளம்பெண். டர்போவையும் சைலன்சரையும் பார்த்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டு எழுதினாள். அதற்கான தாள்கள் என்னிடம் இருந்தன. பிறகு வண்டியைத் தூக்கி, சக்கரத்தை முழுதாக இடப்பக்கம் திருப்பினாள். விளக்கை உள்ளே பிடித்தாள். அப்படியே நின்றாள்.

"இத நீயா போட்டே?"

நானேதான் என்றேன்.

"இங்க பாரு."

என் முதல் உணர்வு, அவளுக்குத் தெரியவில்லை என்பதுதான். கையேட்டின்படி பொருத்தினேன் என்ற வாக்கியம் வாய்வரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டுக் குனிந்து பார்த்தேன். முழுதாகத் திருப்பும்போது டயரின் உள்பக்கம் பிரேக் குழாயை உரசியிருக்கிறது. எஃகு வலை அறுந்து, ரப்பர் பாதியாகத் தேய்ந்திருந்தது.

"உப்சாலாலேர்ந்து இதுலயா வந்தே?" என்றாள். "இன்னும் நாலு வளைவு இருந்திருந்தா நேரா ஏரிக்குள்ள போயிருப்பே."

சரி என்றேன். தவறு என்னுடையது என்றேன். ஆச்சரியமாக, அது ஒரு சிறிய வாக்கியம்.

உடனடி ஓட்டத் தடை. வண்டியை அதன் சொந்த பலத்தில் ஓட்டக் கூடாது. மெதுவாகக் கட்டி இழுத்து அருகிலுள்ள ஓரிடத்துக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்துவிட்டு, மறுபடி ஆய்வுக்குக் கொண்டுவர வேண்டும். ஊரில் யாராவது தெரியுமா என்று கேட்டாள்.

காத்திருப்பு அறையில் காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் நின்றபடி உல்ரிகா கொடுத்த எண்ணை அழுத்தினேன்.

"ஹோக்கன்."

"நான்தான்."

பின்னணியில் பேருந்துக் கதவின் பெருமூச்சு கேட்டது. 

"ஆய்வு நிலையத்துல இருக்கேன். உங்க ஊர்ல. வண்டிக்குத் தடை போட்டுட்டாங்க."

"எந்த வண்டிக்கு?"

"மஞ்ச வண்டிக்கு."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"கயிறு வேணாம்," என்றான் கடைசியில். "இழுவைக் கம்பி இருக்கு. இருபது நிமிஷம்."

பத்தொன்பது நிமிடத்தில் வந்தான், பேருந்து நிறுவனத்தின் சட்டையோடு. தலை நரைத்திருக்கிறது. அப்பாவின் நடை. கைகொடுக்கவில்லை. வேகனை ஒரு சுற்றுச் சுற்றிவந்தான், பின்கண்ணாடி வழியே உள்ளே பார்த்தான், எண்பலகையைக் கட்டைவிரலால் துடைத்தான். மண்டியிட்டுக் கம்பியை மாட்டத் தொடங்கினான். என்னைப் பார்க்காமலே கேட்டான்:

"எவ்ளோ வேகத்துல வந்தே?"

"தொண்ணூறு."

கொக்கியைப் பூட்டினான். இழுத்துப் பார்த்தான். மறுபடி இழுத்துப் பார்த்தான்.

"நம்பறேன்," என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். பத்தொன்பது ஆண்டுக்கு முன் அவனுக்கு நான் தர வேண்டியிருந்த ஒரே சொல்.

முன்சீட்டில் வைத்திருந்த மாதிரிக் குப்பியை எடுத்து அவனிடம் கொடுத்தேன். உள்ளே அந்தச் சல்லடை, நீலப் புழுக்களோடு. வழக்கம்போல் சீட்டு எழுதி ஒட்டியிருந்தேன்: எடுத்த நாள் 10/8/2024. இடம், ஆயில் சம்ப். தோற்றம், ஸ்தாஃபன், 24/6/2005. அவன் குப்பியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பேருந்து ஓட்டுபவன், விளக்கத் தேவையிருக்கவில்லை. இருந்தும் சொன்னேன்.

"விளக்கு எரிஞ்சிருக்கு. நீ நிறுத்தியிருக்கே. எல்லாம் நீ சொன்னபடிதான். தப்பு என்னுது."

அவன் வேகனின் பின் பம்பரில் உட்கார்ந்தான்.  அடுத்த ஆய்வுக்கு வந்த ஒருவன் ஹாரன் அடித்தான்.

"முதல் நாலு வருஷம்," என்றான், "ஒவ்வொரு ஏத்தத்துலயும் ஆயில் வெளக்கத்தான் பாத்துட்டிருந்தேன். பஸ்ஸுல நாப்பது பேர வெச்சுக்கிட்டு."

ஹாரன் அடித்தவனைப் பொறுக்கச் சொல்லிக் கைகாட்டினேன். 

"எங்கிட்ட சொல்லிட்டே. மாரித்கிட்டயும் நீயே சொல்லணும். அவ முன்னாடிதான சொன்னே."

சொல்கிறேன் என்றேன்.

எழுந்து சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டான். "ஏறு, அண்ணே. ஸ்டியரிங்க மட்டும் புடி. பிரேக்கத் தொடாத. உன்னத்தான் நம்பறேன்னு சொன்னேன், உன் பிரேக்க இல்ல."

அவன் வீடு வரை முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போனோம். பின்னால் பதினோரு வண்டிகள் வரிசையாக ஊர்ந்தன. எண்ணினேன், செய்ய வேறொன்றும் இல்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு. எஸ்டர்சுந்த்.

நேற்று விருந்து. நாற்பது பேர், அதில் பாதிப் பேர் ஓட்டுநர்கள். மாரித் சமையலறையில் ரொட்டியும் இறாலும் அடுக்கிய சாண்ட்விச் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தபோது போய்ச் சொன்னேன். அவள் தங்கை, இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள், ஹோக்கனின் மேலதிகாரி எல்லாரும் அங்கே இருந்தார்கள். அவர்கள் வெளியே போகும் வரை காத்திருக்கலாம் என்று தோன்றியது. காத்திருக்கவில்லை. வேதியியல் எதுவும் பேசவில்லை.

அவள் கத்தியை நிறுத்தினாள். "பத்தொம்போது வருஷம்," என்றாள். பிறகு, "இந்தத் தட்டப் புடி. இறால் இருக்கற பக்கத்த மேலதிகாரிக்குக் கொடு." மன்னித்தாளா என்று தெரியவில்லை. கேட்பதற்கு எனக்கு உரிமை இல்லை. தட்டைப் பிடித்துக்கொண்டு போனேன்.

குப்பி அவர்கள் வீட்டு அலமாரியில், பரிசுப் பொருள்களுக்கு நடுவில் இருக்கிறது. அது எந்த அலமாரி என்று எனக்குத் தெரியும்.

இன்று காலை ஹோக்கனின் கருவிப்பெட்டியைத் திறந்தேன். ஸ்பேனர்கள் அளவு வரிசையில் இல்லை. பன்னிரண்டும் பதின்மூன்றும் ஒரே காலுறைக்குள் கிடக்கின்றன. ஐம்பது வயது மனிதன். அதைச் சொன்னேன். "ஒங்கிட்ட எல்லாம் வரிசையாத்தான இருந்துச்சு," என்றான், தலையைத் தூக்காமல்.

பிரேக் குழாய் செவ்வாய்க்கிழமைதான் வருமாம். அது கடைக்காரரின் கணக்கு, ஆக வியாழன். அதுவரை வண்டி இந்த முற்றத்தை விட்டு நகரக் கூடாது என்பது சட்டம். வரும் வார வகுப்புகளை ரத்துசெய்யும்படி துறைக்கு எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் "ஓட்டத் தடை" என்று குறிப்பிட்டேன்.

உல்ரிகா மாலை ரயிலில் ஊருக்குக் கிளம்பினாள். அவள் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. நடைமேடையில் நின்றபடி நானும் பார்த்தேன், உள்ளேயிருந்து அவளும் பார்த்தாள். தடை வண்டிக்குத்தான், எனக்கு இல்லை.